விழுப்புரம் ஜங்ஷனும் கருந்துளைக் கணக்கும்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து பக்கம் ரயில் போகும். செங்கல்பட்டு வழியா சென்னைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியா திருச்சிக்கு கார்டு லைன், கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியா அதே திருச்சிக்கு மெயின் லைன், புதுச்சேரிக்கு ஒன்று, திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியா காட்பாடிக்கு ஒன்று. தினமும் இங்கே இறங்கி காலேஜுக்கு ஓடுகிற நம்மில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம்.

1910-ல் இந்த ஊரில் ரயில் மாறிப் போன ஒருத்தரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? வயசு 22. கும்பகோணத்துக்காரர். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனசு போகாததால் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியாமல் கல்லூரிப் படிப்பு நின்று போயிருந்தது. முந்தின வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வேலை இல்லை. கையில் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும். கும்பகோணத்தில் ஏறி, விழுப்புரத்தில் மாறி, திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்கத்தான் அந்தப் பயணம்.

யாருன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. சீனிவாச ராமானுஜன்.

அந்தக் கதையின் மிச்சத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில், அவர் பிறகு போட்ட ஒரு கணக்கு இன்றைக்கு எங்கே போய் நிற்கிறது என்று சொல்ல ஆசை. அது கருந்துளையில் போய் நிற்கிறது. பயப்படாதீங்க, இரண்டாம் வருட கணக்குப் பாடம் தாண்டியவர் யாரும் இதைப் படிக்கலாம். நானும் மெக்கானிக்கல்தான்.

எண்ணைப் பிரிப்பது

4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 5-க்கு ஏழு விதம். 10-க்கு 42. இதுவரை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். 100-க்கு எத்தனை தெரியுமா? 19,05,69,292. பத்தொன்பது கோடிக்கு மேல்.

ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமல் இந்த எண்ணைச் சொல்ல முடியுமா? முடியும் என்று 1918-ல் ராமானுஜனும் ஹார்டியும் காட்டினார்கள். அவர்கள் சூத்திரத்தின் சாரம் இதுதான்: எண் பெரிதாகப் பெரிதாக, பிரிக்கும் வழிகளின் மடக்கை (அதான், லாக்) அந்த எண்ணை 6-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 பையால் பெருக்கினால் வருவதை நெருங்கும். முழுச் சூத்திரத்தில் இன்னும் நிறைய உறுப்புகள் உண்டு.

200-க்கு அந்த முழுச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் மக்மஹோன் என்ற கணிதர், சூத்திரம் எதுவும் இல்லாமல், படிப்படியாகக் கையால் கூட்டி அதே எண்ணைக் கண்டுபிடித்திருந்தார்: 39,72,99,90,29,388. கிட்டத்தட்ட 3.97 லட்சம் கோடி. சூத்திரம் கொடுத்த விடை இதே எண், கூடவே ஒரு 0.004. அவ்ளோதான் வித்தியாசம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளை இரண்டு பேர் சம்பந்தமே இல்லாத இரண்டு வழியில் எண்ணுகிறார்கள். விடை ஒன்றாக வருகிறது. கட்டுரை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப் போகிறது.

கருந்துளைக்குள் எதை எண்ணுவது?

தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் ஸ்டீம் டேபிளைப் புரட்டி எண்ட்ரோபி எடுத்திருப்போம். அந்த எண் எங்கிருந்து வருகிறது? போல்ட்ஸ்மான் சொன்னது: வெளியே ஒரே மாதிரி தெரிகிற ஒரு பொருள், உள்ளே எத்தனை விதமான அணு அமைப்புகளில் இருக்க முடியும் என்று எண்ணு, அந்த எண்ணிக்கையின் மடக்கைதான் எண்ட்ரோபி. ஆக எண்ட்ரோபி என்பது ஒரு எண்ணிக்கை.

1970-களின் தொடக்கத்தில் பெக்கென்ஸ்டைனும் ஹாக்கிங்கும் கருந்துளைக்கும் எண்ட்ரோபி உண்டு என்றார்கள். அதன் அளவு, கருந்துளையின் எல்லைப் பரப்பில் நாலில் ஒரு பங்கு (இயற்கையின் அடிப்படை அலகுகளில் அளந்தால்). கன அளவு இல்லை, பரப்பு. சூரியனின் எடையுள்ள கருந்துளையின் ஆரம் சுமார் 3 கி.மீ.தான், நம்ம விழுப்புரம் டவுனை மூடும் அளவு. ஆனால் அதன் எண்ட்ரோபி சுமார் 10-இன் 77-ஆம் அடுக்கு.

சரி, எண்ட்ரோபி இருக்கிறது என்றால் போல்ட்ஸ்மான் சொன்னபடி உள்ளே எண்ணுவதற்கு ஏதாவது இருக்கணும் இல்லையா? ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் கருந்துளை வழவழப்பான வெற்று வடிவம். எடை, சுழற்சி, மின்னூட்டம், அவ்ளோதான். எண்ண ஒன்றும் இல்லை. பரப்பு சொல்லும் எண் ஒரு பக்கம், எண்ண ஆளே இல்லாத எண்ணிக்கை மறுபக்கம். கணக்கு இடிக்குது.

ஸ்ட்ரிங் தியரியில் எண்ணுவதற்கு ஆள் கிடைத்தது. 1996-ல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் ஒரு தனி வகைக் கருந்துளைக்கு உள்ளமைப்புகளை எண்ணி, பரப்பில் நாலில் ஒரு பங்கோடு சரியாகப் பொருத்தினார்கள். ஆனால் நான் சொல்லப் போவது அதைவிட எளிமையான, அதனாலேயே அதிகம் தொல்லை கொடுத்த இன்னொரு கருந்துளையைப் பற்றி.

ஒரு இழை, 24 நிறம்

ஒரு வட்டம். அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாதிரி ஒரு இழை பல தடவை சுற்றியிருக்கிறது. எத்தனை சுற்று என்பதைச் சுற்று எண் என்போம். அதே இழை வட்டத்தைச் சுற்றி ஓடவும் செய்கிறது. குவாண்டம் விதிப்படி அந்த உந்தமும் முழு எண்களில்தான் வரும். அதை உந்த எண் என்போம். இந்த இரண்டையும் பெருக்கினால் வரும் எண், இழை மொத்தமாக எந்த அளவுக்கு அதிரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஹெட்டரோடிக் ஸ்ட்ரிங் என்ற வகையில் இழையின் ஒரு பக்க அதிர்வுக்கு 24 திசைகள் உண்டு. 26 பரிமாணத்தில் 2 போக மீதி. ஆக, கேள்வி இப்படி மாறுகிறது: ஒரு மொத்த அதிர்வு எண்ணை, 24 நிறம் பூசிய எண்களாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

ராமானுஜன் கணக்கேதான்! அதில் ஒரே நிறம், இதில் 24.

சின்ன எண்ணில் பார்ப்போம். 1-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? ஒரே ஒரு 1, அதற்கு 24 நிறம். ஆக 24. 2-ஐ? ஒற்றை 2 என்றால் 24 விதம். 1+1 என்றால் 24 நிறத்தில் இரண்டைத் தேர்வு செய்யணும், ஒரே நிறம் இரண்டு தடவை வரலாம், அது 300. மொத்தம் 324. 3-க்கு: ஒற்றை 3 என்றால் 24; 2+1 என்றால் 24 × 24 = 576; 1+1+1 என்றால் 2,600. மொத்தம் 3,200.

பெரிய எண்ணுக்கு? நிறம் 24 ஆனால் 6-இல் ஒரு பங்குக்குப் பதில் 24-ஐ 6-ஆல் வகுத்த 4 வரும். அதன் வர்க்கமூலம் 2. முன்னால் இருக்கும் 2 பையோடு பெருக்கினால் 4 பை. ஆக, இந்த இழையின் எண்ட்ரோபி: 4 பை × (சுற்று எண் × உந்த எண்)-இன் வர்க்கமூலம். ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க, ரெண்டு வரியில் முடியும்.

ஈர்ப்புக் கோட்பாட்டின்படி இவ்வளவு எடையுள்ள இழை ஒரு கருந்துளை ஆகணும். அதன் எல்லைப் பரப்பைக் கணக்கிட்டு நாலால் வகுத்தால் இதே விடை வரணும். கணக்கிட்டார்கள். வந்த விடை: பூஜ்யம்.

எல்லைப் பரப்பே இல்லை. ஒரு பக்கம் கோடானுகோடி அமைப்புகள், மறுபக்கம் சுத்த பூஜ்யம்.

மண்டிக் கணக்கு

எங்கப்பா திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளை. சாயங்காலம் இரண்டு கணக்கு பார்ப்பார். ஒன்று மூட்டைக் கணக்கு: எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை இருப்பு. இன்னொன்று காசுக் கணக்கு: யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது. இரண்டும் ஒரே நாளின் கதை, இரண்டு நோட்டில். கடைசியில் பொருந்தணும்.

சில நாள் பொருந்தாது. அப்போ அப்பா என்ன செய்வார் என்று சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். எந்த நோட்டையும் தப்பு என்று உடனே சொல்ல மாட்டார். "ரெண்டுலயும் வராத ஒண்ணு எங்கியோ கீது" என்பார். தேடுவார். காயப் போட்டதில் எடை குறைந்திருக்கும், இல்ல கோணி எடையைக் கழிக்காமல் விட்டிருப்பார்கள். வித்தியாசம் அவருக்கு எரிச்சல் கிடையாது. எதையோ எண்ணாமல் விட்டிருக்கிறோம் என்பதற்கான தகவல்.

நம்ம கருந்துளை விஷயத்தில் எண்ணாமல் விட்டது என்ன?

பீம் வளைவும் ஐன்ஸ்டைனும்

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுத்தவர்கள் இதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பீமின் வளைவு என்று நாம் எழுதுவது இரண்டாம் வகைக்கெழுவை மட்டும். உண்மையான வளைவுச் சூத்திரத்தில் கீழே இன்னொரு கோவை உண்டு; சாய்வு சின்னது என்று சொல்லி அதை விட்டுவிடுகிறோம். பாலத்துக்கு அது போதும். ஆனால் ஒரு ஹேக்ஸா பிளேடை இரண்டு கையால் வில் மாதிரி வளைத்துவிட்டு அதே சுருக்கச் சூத்திரத்தைப் போட்டால் விடை தப்பும். பிளேடு பொய் சொல்லவில்லை. நாம் விட்ட உறுப்பு அங்கே பெரிதாகிவிட்டது.

ஐன்ஸ்டைனின் 1915 சமன்பாடும் இந்த அர்த்தத்தில் ஒரு முதல் தோராயம் என்பது இன்றைய பார்வை. அதில் இரண்டு வகைக்கெழு உள்ள உறுப்புகள் மட்டும்தான். ஸ்ட்ரிங் தியரி அதற்கு அடுத்தடுத்து நான்கு வகைக்கெழு, ஆறு, எட்டு என்று திருத்தங்களைச் சேர்க்கச் சொல்கிறது. இப்படிப்பட்டவற்றுக்கு உயர் வகைக்கெழு ஈர்ப்புக் கோட்பாடுகள் என்று பெயர். சூரியனைச் சுற்றும் பூமிக்கு அந்தத் திருத்தங்கள் கண்ணுக்கே தெரியாது. ஆனால் காலவெளி ஒரு இழையின் நீளத்துக்குள் மடங்கும் அளவுக்கு வளைந்தால், ஹேக்ஸா பிளேடு கதைதான்.

இதைத்தான் 1995-ல் அசோக் சென் கவனித்தார். கொல்கத்தாவில் பிறந்து, பல வருஷம் அலகாபாத் ஹரிஷ்-சந்திரா நிறுவனத்தில் வேலை செய்தவர். பூஜ்யம் வருகிற அந்த இடத்தில் வளைவு அதிகம், அங்கே ஐன்ஸ்டைன் சமன்பாட்டை நம்பக் கூடாது, திருத்தங்கள் சேர்ந்தால் ஒரு எல்லை உருவாகலாம், அப்படி உருவானால் எண்ட்ரோபி (சுற்று எண் × உந்த எண்)-இன் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாகத்தான் இருக்கும் என்று காட்டினார். முன்னால் இருக்கும் 4 பை மட்டும் அந்த வாதத்தால் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. திருத்தங்கள் வந்துவிட்டால் 'பரப்பில் நாலில் ஒரு பங்கு' என்ற விதியே மாறிப் போகும். எந்த உயர் வகைக்கெழுக் கோட்பாட்டுக்கும் பொருந்துகிற எண்ட்ரோபி சூத்திரத்தை ராபர்ட் வால்ட் 1993-ல் கொடுத்திருந்தார். 2004-ல் அப்போது மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இருந்த அதீஷ் டபோல்கர் இதையெல்லாம் ஒன்று சேர்த்தார். ஒரு குறிப்பிட்ட நான்கு-வகைக்கெழுத் திருத்தத் தொகுப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால், எல்லை உருவாகிறது. அதன் பரப்பில் நாலில் ஒரு பங்கு 2 பை × வர்க்கமூலம். வால்ட் சூத்திரத்தின் திருத்தப் பகுதி தருவது இன்னொரு 2 பை × வர்க்கமூலம். இரண்டும் சேர்ந்து 4 பை.

பாதி பரப்பிலிருந்து, பாதி திருத்தத்திலிருந்து. எண்ணாமல் விட்ட கோணி எடை, மொத்தத்தில் சரிபாதி!

இருமை என்ன செய்கிறது?

இதில் இன்னொன்றைக் கவனிச்சீங்களா? சுற்று எண்ணையும் உந்த எண்ணையும் இடம் மாற்றிப் போட்டாலும் விடை மாறாது. 3 சுற்று, 500 உந்தம். அல்லது 500 சுற்று, 3 உந்தம். எண்ட்ரோபி ஒன்றுதான். இது தற்செயல் இல்லை. இதற்குப் பெயர் இருமை சமச்சீர்.

ஈ.ஈ.ஈ. நண்பர்களுக்கு இது பழக்கம். சர்க்யூட் தியரியில் ட்யூவல் நெட்வொர்க் வரைவோம். சீரிஸ் பேரலல் ஆகும், இண்டக்டர் கெபாசிட்டர் ஆகும், வோல்ட்டேஜ் கரண்ட் ஆகும், மெஷ் நோட் ஆகும். சமன்பாடு மட்டும் அப்படியே இருக்கும். ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்றும் தீர்ந்தது.

இழைக்கும் அதே மாதிரிதான். வட்டத்தின் ஆரம் பெரிதென்றால் சுற்றுவதற்கு அதிக ஆற்றல் வேணும், ஓடுவதற்குக் கொஞ்சம் போதும். ஆரம் சின்னதென்றால் தலைகீழ். ஆரத்தை அதன் தலைகீழ் எண்ணாக மாற்றி, கூடவே சுற்று எண்ணையும் உந்த எண்ணையும் மாற்றிப் போட்டால், இழைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மிகச் சின்ன வட்டமும் மிகப் பெரிய வட்டமும் இழையின் பார்வையில் ஒரே உலகம்.

உயர் வகைக்கெழுத் திருத்தங்களுக்கு இது ஒரு கடிவாளம். எழுதிப் பார்த்தால் சாத்தியமான திருத்த உறுப்புகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் 'இடம் மாற்றினாலும் விடை மாறக் கூடாது' என்று நிபந்தனை போட்டால் பல உறுப்புகள் கழன்று போகும், மிச்சம் இருப்பவற்றின் கெழுக்கள் ஒன்றோடொன்று கட்டுப்படும். நேரடியாகக் கணக்கிட முடியாத இடத்தில் சமச்சீர் விடையை நெருக்கிப் பிடித்துக் கொடுக்கிறது. இன்றைக்கும் இந்தத் துறையில் இந்த வழியில் வேலை நடக்கிறது.

ராமானுஜனும் ஹார்டியும் செய்ததும் இதற்கு உறவுக்காரச் சங்கதிதான். பிரிவினை எண்களை எல்லாம் ஒரு தொடராக அடுக்கினால், அந்தத் தொடர் ஒரு வட்டத்தின் ஓரத்தில் கட்டுக்கடங்காமல் போகும். நமக்கு வேண்டிய தகவல் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அங்கே போய்க் கணக்குப் போட முடியாது. ஆனால் அந்தச் சார்புக்கு ஒரு மாற்று விதி உண்டு. ஓரத்தில் இருப்பதைச் சுலபமான நடுப்பகுதிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். கடினமான முனையைச் சுலபமான முனையாக மாற்றுவது. கார்டு லைனில் வண்டி நின்றுபோனால் மெயின் லைனில் திருச்சி போகிற மாதிரி. சுற்றுதான், ஆனால் ஊர் அதே ஊர்.

ராமானுஜன் 1920 ஜனவரியில், சாவதற்கு மூன்று மாதம் முன்பு, ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்று புதிதாக ஒன்றைச் சொன்னார். அவை உண்மையில் என்ன என்பது 2002-ல் ஸ்வெகர்ஸ் எழுதிய முனைவர் ஆய்வில்தான் தெளிவானது. 2012-ல் டபோல்கர், சமீர் மூர்த்தி, டான் ஸாகியர் மூவரும், இன்னும் சிக்கலான கருந்துளைகளை எண்ண அந்த வகைச் சார்புகளே தேவைப்படுகின்றன என்று காட்டினார்கள்.

கணக்கு இன்னும் மூடவில்லை

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. அந்தச் சின்னக் கருந்துளைக்கு உண்மையிலேயே எல்லை உருவாகிறதா, அல்லது எல்லாத் திருத்தங்களையும் முழுசாகச் சேர்த்தால் வேறு கதை வருமா என்று 2018-க்குப் பிறகு வந்த சில ஆய்வுகள் மறுபடி கேள்வி எழுப்பியிருக்கின்றன. 4 பை என்ற எண்ணிக்கைப் பக்கத்தில் சந்தேகம் இல்லை. அது பிரிவினைக் கணக்கு, அசையாது. ஈர்ப்புப் பக்கத்து நோட்டில்தான் விவாதம். தவிர, ஸ்ட்ரிங் தியரியையே சோதனையில் யாரும் இதுவரை உறுதி செய்யவில்லை.

எனக்கு இந்த நிலைமை பிடித்திருக்கிறது. நமக்கு வகுப்பில் வருவதெல்லாம் மூடிய கணக்குகள். யூனிட் டெஸ்ட், 16 மார்க், கீ ஆன்சர். ஒரு கணக்கு 2004-ல் பொருந்தி, 2018-ல் மறுபடி திறக்கப்படுவதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இதப் படிச்சா என்ன வரும்?

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். நான் ஃபைனல் இயர். ஒரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது. காலை ரயிலில் மயிலம் தாண்டும்போது நான் இந்த நோட்டைத் திறந்தால், பக்கத்தில் இருக்கிற பசங்க கேட்பது ஒரே கேள்வி: "மச்சி, இது கேட்டுக்கு வருமா?"

நியாயமான கேள்விதான். விழுப்புரத்தில் பிறந்து, இங்கேயே பாலிடெக்னிக் படித்து, சந்திரயான்-3 திட்ட இயக்குநராக 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் கலத்தை இறக்கிக் காட்டினார் வீரமுத்துவேல். ரயில்வே ஊழியரின் மகன். அதைப் பார்த்த பிறகு நம்ம ஊர்ப் பசங்களுக்கு ராக்கெட் தூரமாகத் தெரியவில்லை. ஆனால் தியரி? பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு கருந்துளையை எண்ணுவது நமக்கான வேலை என்று நம் பக்கம் யாருக்கும் தோன்றுவதில்லை. வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறோம்.

அதனால்தான் திருக்கோவிலூர்க் கதையின் மிச்சத்தைச் சொல்லணும். ராமசாமி ஐயர் அந்த நோட்டுகளைப் பார்த்தார். வேலை கொடுக்கவில்லை. தாலுகா ஆபீஸில் உட்கார வைத்து இந்தத் திறமையை மூச்சுத் திணறடிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். இதைப் பெரிய மனசு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவனிடம் 'உன் திறமைக்கு இந்த வேலை தகாது' என்று சொல்வது சுலபம் இல்லையா?

ஆனால் அவர் வெறும் கையோடு அனுப்பவில்லை. சென்னையில் இருந்த கணக்கு தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தச் சங்கிலியில்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பிறகு 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணக்கில் ஈடுபாடு உள்ளவர். 1913 ஜனவரியில் ஹார்டிக்குப் போன அந்தப் பிரபலமான கடிதத்தை எழுதியது ஒரு துறைமுகக் குமாஸ்தா. கடிதத்தின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்.

ஆக, வேலை அவரைக் கெடுக்கவில்லை. அந்த 30 ரூபாய் இல்லாமல் அந்தக் கடிதம் இல்லை. அதே சமயம், நோட்டைப் பார்த்து 'இது என்னன்னு தெரிஞ்ச ஆள் இவர்தான், போய்ப் பார்' என்று சொன்ன நாலு பேர் இல்லாமலும் அந்தக் கடிதம் இல்லை. சம்பளம் ஒரு நோட்டு, கணக்கு இன்னொரு நோட்டு. ஒன்றை மூடினால்தான் இன்னொன்றைத் திறக்கலாம் என்று நம்மிடம் சொல்லப்படுவதுதான் பொய்.

இதை அப்பாவிடம் சொன்னேன். வேலையில் சேருகிறேன், கடன் அடைக்கிறேன், கூடவே ஜெஸ்ட் எழுதுகிறேன் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பூஜ்யம் வந்துச்சுன்னியே, அத்த எப்டி சரி பண்ணாங்க?" என்று கேட்டார். கோணி எடை என்றேன். சிரித்துவிட்டு, "எழுதிப் பாரு" என்றார். பரீட்சையைச் சொன்னாரா, கணக்கைச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

உங்களில் யாருக்காவது இந்தப் பக்கம் ஆசை இருந்தால் சில விஷயங்கள். தரமணியில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வை பி.இ. படித்தவர்களும் எழுத வழி உண்டு. எந்த நிறுவனத்தில் எந்தப் படிப்புக்கு என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் வகுப்புகள் என்.பி.டெல்-இல் இலவசம். ஸ்வீபாக் எழுதிய ஸ்ட்ரிங் தியரி அறிமுகப் புத்தகம் இளநிலை மாணவர்களுக்காகவே எழுதப்பட்டது. சனிக்கிழமை வகுப்பு முடிந்து மெக்கானிக்கல் பிளாக் படிக்கட்டில் நாங்கள் மூன்று பேர் அதை வாசிக்கிறோம். எந்த டிபார்ட்மெண்டாக இருந்தாலும் வாங்க. வரும்போது ஒரு நோட்டு கொண்டு வாங்க.

வருவதற்கு முன் ஒரு சின்ன வேலை. 24 நிறத்தில் 4-ஐப் பிரியுங்கள். மேலே 3-க்குச் செய்த அதே வழிதான். ஐந்து வகை வரும், ஒவ்வொன்றையும் தனியாக எண்ணிக் கூட்டணும். 25,650 வந்தால் உங்கள் கணக்கு சரி. வரவில்லை என்றால் அழிக்காதீங்க, எதை எண்ணாமல் விட்டீங்கன்னு தேடுங்க.